மூன்று மீட்டர்

ஒரு முழு ரொட்டி அளவுதான் ஒவ்வொன்றும்.
அக்ரா அலுவலகத்தில் என் மேசைமேல்
மாதிரி ஒன்று இருக்கிறது.
யாரோ அதன் தலையில் தேநீர்க் கோப்பை வைத்து
வட்டமாய்க் கறை படிந்துவிட்டது.

பன்னிரண்டு போயின மேலே.
கைபேசிக்கு உறவுமுறையான கண்,
கடையில் வாங்கிய மின்கலம்.
ஒன்பதாவது போன மழைக்காலத்திலிருந்து
பேசுவதில்லை;
சண்டை போட்ட சம்பந்தி வாசலைக் கடப்பதுபோல
நேரம் தவறாமல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது.

மற்ற பதினொன்றும்
கேட்டாவிலிருந்து பிராம்பிராம் வரை
கரையைப் பார்த்துவிடும், நாளுக்கு இரண்டு தடவை,
மேகம் விட்டால்.
மேகம் எங்கே விடுகிறது.

என் வேலை கோடு இழுப்பது.
ஈரம் முடிந்து உலர்மணல் தொடங்குமிடத்தில்
ஒரு சிவப்புக் கோடு,
நேற்றையதன் மேல் இன்றையது.
கடலின் வாய் எனக்குப் பழக்கம்.
அவசரமில்லை அதற்கு.
ஓதம் பார்த்து, காற்றுப் பார்த்து
விளிம்பை நக்கி நக்கியே
ஒரு தெருவை முடித்துவிடும்.

மார்ச் பதினான்கில் வந்த படத்தில்
தென்னைகளுக்குப் பின்னால், காயல் பக்கம்
ஒரு கடி.
சதுரமாக.
கடலுக்குச் சதுரம் வராது.

ஒரு புள்ளி மூன்று மீட்டர்.
அதற்குள் மனிதர் கிடையாது, நாய் கிடையாது,
மண்வெட்டி எடுத்தவன் கை கிடையாது.
லாரி என்றால் இரண்டு புள்ளி தேறும்.
பத்தரை மணிப் படங்களில் அதுவும் இல்லை:
வருகிறவர்கள் வெயிலுக்கு முன்னே வந்து போகிறவர்கள்.
ஏழாவது மட்டும்
பாதை நழுவி ஆறரைக்கே வரத் தொடங்கியிருந்தது.
பழுது என்று எழுதி வைத்திருந்தோம்.
அதன் படங்களில் நிழல் நீளம்.
நிழலை வைத்து எண்ணினேன்,
ஒன்பது லாரி.

கரையில் கோல் நட்டு அளக்கும் செலோர்மை அழைத்தேன்.
"குழியா? அதில் இப்போ வாத்து நீந்துது" என்றான்.
பிறகு, காற்று இரைச்சலுக்குள்:
"எடுத்த மண்ணு எங்கே போகுதுன்னு
மேலேருந்து தெரியாதா?"

தெரியும்.
வெளிச்சத்தில் மணலுக்கு ஒரு கையெழுத்து உண்டு.
சிப்பித்தூள் கூடினால்
நீலத்தின் கால் கொஞ்சம் நீளும்.
அந்தக் கையெழுத்தைக் கணினியிடம் கொடுத்து
தேடு என்றேன்.
சாப்பிடப் போய் வருவதற்குள்
பதினோரு இடம் காட்டியது.
விடுதி ஒன்றின் புது மதில்.
கூரை போடாத தேவாலயம்.
செங்கல் சூளை மூன்று.
ஆறாவது, ஏழாவது, படித்துக்கொண்டே போனேன்
ஒரு வேட்டைக்காரியின் மிதப்போடு.

பதினொன்று: பிராம்பிராம்,
பள்ளிக்கூடத் தகரக் கூரைக்கு மேற்கே
ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தக் கூரை எனக்குத் தெரியும்.
அதற்கு மேற்கே இருப்பது
பதினெட்டு மாதச் சம்பளக் கடனில்
நான் எழுப்பும் வீடு.

"ஆற்று மணல் மேடம்" என்றிருந்தார்
கொத்தனார் எலிக்கெம்.
விலை குறைவாக இருந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
குவியலில் பாதி கரைந்து சுவராகியிருந்தது.
ஜன்னலுக்குக் கீழே, பூச்சில்,
நகம் அளவு சிப்பி ஒன்று
வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.
தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை
உப்புப் பூத்திருந்தது.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
எதற்கு வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை,
படமே போதுமானதாயிருந்தது.

திங்கட்கிழமை அறிக்கை.
பத்து இடங்களுக்கும் உரிமையாளர் பெயர் நிரப்பினேன்.
பதினோராவது கட்டத்தில்
சுட்டி மின்னிக்கொண்டே நின்றது.
ஒரு புள்ளிதானே.
மேகம் என்று எழுதினால்
யாரும் மறுக்கப்போவதில்லை,
பாதி மாதம் மேகம்தான்.

வெளியே யாரோ கெங்கே விற்றுக்கொண்டு போனார்கள்.
மேலே ஏழாவது
கினி வளைகுடாவுக்குள் நுழையும் நேரம்,
பழுதான நேரம்.

செஃபாகோர் அக்போட்ஸா,
தட்டினேன்.
எழுத்துப்பிழை வந்தது.
அழித்து மறுபடி தட்டினேன்.